தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போ

போன ஆடி மாதம் எனக்கு ரணஜன்னி வந்தது. இங்கிலீஷில் டெட்டனஸ் என்பார்கள். வந்தவர்களில் நிறையப் பேர் திரும்பி வருவதில்லை. நான் வந்துவிட்டேன். வந்ததிலிருந்து ஆளாளுக்கு அது எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள். ஒரகடம் கூட்டு ரோட்டில் டீ குடிக்க நின்றால் நாலு பேர், சந்தைக்குப் போனால் பத்துப் பேர். ஒரு மாதம் திறக்காமல் கிடந்த வாய் இது. அதை இந்த ஒரே கதைக்குச் செலவழிக்க எனக்கு மனம் இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன். இனி கேட்பவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

என் பெயர் கோதண்டம். வடக்குப்பட்டில் ரேடியோ செட் கடை வைத்திருக்கிறேன். மனைவி பெயரில் கடை: சாந்தா சவுண்ட் சர்வீஸ். ரெக்கார்டு தட்டு ஓட்டிய காலத்தில் தொடங்கி, கேசட் வந்த பிறகும் நடத்துகிறேன். மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கட்சிக் கூட்டம், சாவு எதுவாக இருந்தாலும் முதலில் கூப்பிடுவது என்னைத்தான். புனல் மாதிரி இருக்கும் ஹாரனை மரத்தில் கட்டி, ஊருக்கே காது அடைக்கும்படி பாட்டுப் போடுவது என் தொழில். சத்தம்தான் எனக்குச் சோறு. அப்படிப்பட்டவனுக்குச் சத்தம் கேட்டால் உயிர் போகும் வியாதி வந்தது. மேலே இருப்பவனுக்குக் குசும்பு அதிகம்.

அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள். கோயில் எல்லைக்குள் செருப்பு போடக் கூடாது. வேப்பமரத்தில் ரெண்டு ஹாரன் கட்டிவிட்டு ஏணியிலிருந்து குதித்தேன். கீழே பந்தல் பிரித்த பலகை ஒன்று கிடந்தது. அதிலிருந்த துருப்பிடித்த ஆணி பாதத்தில் ஏறிவிட்டது. பிடுங்கி எறிந்தேன். மண்ணெண்ணெய் ஊற்றினேன், சுண்ணாம்பு அப்பினேன், துணி சுற்றினேன், ‘மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ’ என்று போய்விட்டேன். ஊசி போட்டுக்கொள் என்று சாந்தா ரெண்டு தரம் சொன்னாள். கூழ் ஊற்றுகிற அன்று யார் ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் போவார்கள்? நாலு நாளில் காயம் ஆறிவிட்டது, நானும் மறந்துவிட்டேன்.

எட்டாம் நாள் இட்லியைக் கடிக்க வாய் திறக்கவில்லை. பல் வலி என்று கிராம்பு வைத்துக்கொண்டேன். மறுநாள் கழுத்து விறைத்தது. அன்று சாயங்காலம் சாந்தாவின் அண்ணன் ஏகாம்பரம் வந்தார். தண்டலம் பக்கம் ஒரு கம்பெனியில் பாகம் பூட்டும் லைனில் வேலை பார்ப்பவர். தன் சூப்பர்வைசரோடு சண்டை வந்த கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

“மாப்ள, நான் வயிறு எரிஞ்சி சொல்லிக்கினு கீறேன். நீ இன்னாத்துக்கு இளிக்கிற?”

நான் இளிக்கவில்லை. முகத்துச் சதை தானாக இழுத்துக்கொண்டு அப்படி நின்றிருந்தது. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்மேல் கோபம் வந்தது. ஏதோ எல்லாம் தெரிந்தவன் மாதிரி ஒரு சிரிப்பு. இந்த நோய்க்காரர்கள் எல்லோருக்கும் அந்தச் சிரிப்பு வரும் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் ஸ்பூன் காம்பைப் பல் இடுக்கில் நுழைத்துத் தொண்டையைத் தொட்டார். யாருக்கும் அப்போது குமட்டும். எனக்குக் குமட்டவில்லை. தாடை படக்கென்று ஸ்பூனைக் கவ்விக்கொண்டது. விடு என்றாலும் விடவில்லை. டாக்டர் முகம் மாறிவிட்டது. அவர் முதலில் செய்த காரியம், கம்பவுண்டரைக் கூப்பிட்டு வெளியே பாடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்தச் சொன்னதுதான். அப்புறம் மெதுவான குரலில் கேட்டார்:

“கால்ல கையில ஆணி, முள்ளு ஏதாவது குத்துச்சா?”

எனக்கு அப்போதுதான் அந்தப் பலகை ஞாபகம் வந்தது. சாந்தா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை.

வியாதியை டாக்டர் எங்களுக்குப் புரியும்படி சொன்னார். ஆணியோடு போன கிருமி காயத்துக்குள்ளேயே உட்கார்ந்து விஷத்தைச் செய்கிறது. மேலே தோல் ஆறியதெல்லாம் கணக்கில்லை. அந்த விஷம் நரம்பு வழியாக ஏறுகிறது. அதன் பிறகு உடம்புக்கு அடக்கம் போய்விடும். ஒரு சத்தம், ஒரு வெளிச்சம், யாராவது லேசாகத் தொட்டால்கூடப் போதும், உடம்பில் இருக்கிற எல்லாச் சதையும் ஒரே நேரத்தில் இழுத்துக்கொள்ளும். மூச்சு விடும் சதையும் அதில் சேர்த்தி. அது இழுத்துக்கொண்டு விடாமல் போனால் முடிந்தது. “உடனே பட்டணத்துக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார்.

ஏகாம்பரம் மச்சான் எங்கேயோ ஓடிப்போய்த் தன் கம்பெனி வேனை டிரைவரோடு கொண்டுவந்தார். பெங்களூர் ரோடு எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. லாரிக்காரன் கை ஹாரனை விட்டு எடுக்கவே மாட்டான். தண்டலம் தாண்டுவதற்குள் எனக்கு முதல் வலிப்பு வந்தது. தலையும் குதிகாலும் மட்டும் சீட்டில், மீதி உடம்பு அந்தரத்தில் வில்லாக நின்றது. இதில் கொடுமை என்னவென்றால் நினைவு தப்பாது. முதுகெலும்பு முறிகிற மாதிரி வலியும் தெரியும், பக்கத்தில் பெண்டாட்டி அழாமல் உதட்டைக் கடிப்பதும் தெரியும்.

அதைப் பார்த்த மச்சான் வேன் ஜன்னல் வழியாக இடுப்பு வரை வெளியே தொங்கினார். எதிரே வந்த ஒவ்வொரு லாரிக்காரனையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். வாயில் விரலை வைத்துக் காட்டினார். செம்பரம்பாக்கம் வரைக்கும், பூந்தமல்லி வரைக்கும், பட்டணத்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அப்படியே வந்தார். கம்பெனியில் வாய்ச்சண்டைக்குப் பேர்போன மனுஷன். அன்று முன்பின் தெரியாத லாரிக்காரர்களை எல்லாம் வாயைத் திறக்காமலே கெஞ்சினார். பின்னால் அவர் செய்த காரியத்தைப் படிக்கும்போது இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்களை வைத்திருந்த வார்டு தனிக் கட்டடம். ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புப் பெயின்ட். பகல் பதினோரு மணிக்கும் உள்ளே அந்தி மாதிரிதான். நர்சுகள் வெறுங்காலோடு நடப்பார்கள். பேசினால் காதோடு காது. கட்டில் காலுக்கெல்லாம் துணி சுற்றியிருந்தது. காயத்தை மறுபடி திறந்து கழுவினார்கள். விஷத்தை முறிக்கும் ஊசி, பென்சிலின் ஊசி, சதை தளர்வதற்குத் தூக்க மருந்து பாட்டில் பாட்டிலாக. மூக்கு வழியாக ஒரு குழாய், அதில்தான் கஞ்சி. என் தலைமாட்டில் வெள்ளைத் துணி மூடிய ஒரு தட்டு எப்போதும் இருந்தது. மூச்சு அடைத்தால் தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைப்பதற்கான சாமான்கள் அதில் இருப்பதாகச் சொன்னார்கள். துணிக்கு அடியில் கத்தி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு படுத்திருப்பது எப்படி இருக்கும் என்று கேட்டால், பயமாக இருந்தது. வேறு சொல் தேடுவானேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு கிணறு வெட்டுகிறவர். முகம் பார்த்ததில்லை, இருட்டில் இருமல் மட்டும் தெரியும். மூன்றாம் நாள் காலையில் வராந்தாவில் யாரோ டம்ளரைக் கீழே போட்டுவிட்டார்கள். வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வலிப்பு வந்தது. எனக்குத் தளர்ந்தது, அவருக்குத் தளரவில்லை. அவர் வீட்டுப் பெண்கள் வந்து பார்த்தார்கள். சிஸ்டர் வாயில் விரலை வைத்து வெளியே காட்டினாள். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அவர்கள் வெளியே போனார்கள். செத்தவருக்கு அழக்கூட அங்கே இடம் இல்லை. எத்தனையோ சாவு வீட்டுக்கு நான் செட் கட்டியிருக்கிறேன், சத்தமே இல்லாத சாவை அன்றுதான் பார்த்தேன். அப்போதே தீர்மானித்தேன், நான் இப்படிப் போகப்போவதில்லை என்று. போனால் ஹாரன் கட்டித்தான் போவேன்.

சாந்தா என் கட்டிலுக்கு அடியில் பாய் போட்டு இருந்தாள். முதல் நாள் அவள் குனிந்து என் வாயைத் துடைக்கும்போது கண்ணாடி வளையல் கலகலவென்றது. எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. சிஸ்டர் அவளை வெளியே இழுத்துக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது ரெண்டு கையும் மொட்டையாக இருந்தன. கால் மெட்டியையும் கழற்றியிருந்தாள். தாலிச் சரடில் கோத்திருந்த குண்டுமணிகள் ஒன்றோடொன்று உரசும் என்று அதை ரவிக்கைக்குள் தள்ளி முடிந்திருந்தாள். எங்கள் பக்கத்தில் புருஷன் உயிரோடு இருக்கும்போது ஒரு பெண் வளையலைக் கழற்ற மாட்டாள். உடைந்தால்கூட மாற்று வளையல் வரும்வரை கையில் மஞ்சள் நூலாவது கட்டிக்கொள்வாள். நான் பல்லிடுக்கு வழியாக, “இன்னா மே இது?” என்றேன்.

“கம்முனு கெட. நீ இருந்தா வளையல் தானா வரும்” என்றாள் காதுக்குள்.

மூன்றாம் வாரத்தில் வலிப்பு குறைந்தது. ஒரு நாளைக்கு இருபது தரம் என்பது நாலைந்து தரம் ஆயிற்று. எங்களைப் பார்த்துக்கொண்ட டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. பேச்சில் திருநெல்வேலி வாடை. அவளிடம் என் தொழில் அனுபவத்தை வைத்து ஒரு நியாயம் சொன்னேன். முழு நிசப்தத்தில் கிடப்பவனுக்கு ஒரு ஊசி விழுந்தாலும் இடி. அடியில் மெதுவாக, சீராக ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருந்தால், மேலே விழும் சத்தம் அவ்வளவு தெரியாது. எனக்குப் பாட்டு வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டே இதைச் சொல்லி முடிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“எங்க படிப்புல இப்படிக் கெடையாது அண்ணாச்சி. ஆனா இப்பம் வலிப்பு கொறஞ்சிருக்கு. மெதுவா, ஒரே சீரா இருக்கணும். திடீர்னு எகிறுச்சுன்னா பொட்டிய நானே தூக்கிருவேன்.”

சாந்தா மறுநாள் காலை பஸ்ஸில் ஊருக்குப் போனாள். நல்ல கேசட்டாக ஒன்று எடுத்துவரத்தான். அங்கேதான் எல்லாம் நடந்தது. நான் கூட இல்லை. அவள் பிற்பாடு சொன்னதைச் சொல்கிறேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியவள் யாரிடமும் பேசவில்லை. மூன்று வாரம் காதோடு பேசிப் பேசிக் குரலே உள்ளே போயிருந்தது. கையில் வளையல் இல்லை, காலில் மெட்டி இல்லை, கழுத்தில் தாலி தெரியவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அவள் நேராகக் கடைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே போய் ஆம்ப்ளிஃபயரைப் போட்டாள். அதில் சத்தத்தின் ஏற்றம் இறக்கம் காட்டும் முள் ஒன்று இருக்கும். ஒவ்வொரு கேசட்டாகச் சொருகி அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்திப் பாட்டு எல்லாம் மணி அடித்தோ சங்கு ஊதியோ தொடங்கின. முள் கோடிக்குப் போய் முட்டியது. சினிமாப் பாட்டில் எந்த இடத்தில் மேளம் பாயும் என்று சொல்லவே முடியாது. நாதஸ்வரம் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கடையில் இருந்த கேசட் அத்தனையும் போட்டுப் பார்த்தாள். மத்தியானம் ஆகிவிட்டது. கடைசியில் மேஜை டிராயரில் ஒன்று கிடந்தது. பட்டணத்துக் கேசட் கடைக்காரன் பத்து வாங்கினதற்கு இனாமாகத் தள்ளிவிட்டது. கறுப்பு அட்டை. அதில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். ‘இருட்டுக்கு ஒரு நாற்காலி’ என்று தலைப்பு. பாட்டும் குரலும் ஆர்மோனியப் பெட்டியும் மரகதம் என்று அடியில் சின்ன எழுத்து. அதைப் பாதி நிமிஷம் கேட்டுவிட்டு, அழுமூஞ்சிக் கேசட், அழித்துவிட்டு விளம்பரம் பதியலாம் என்று நான்தான் டிராயரில் போட்டிருந்தேன்.

அதைச் சொருகினாள். முள் நடுவில் வந்து நின்றது. அங்கேயே மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது, ஒரு தரம்கூடக் குதிக்கவில்லை. சாந்தா நாற்காலியைப் போட்டுக்கொண்டு ரெண்டு பக்கமும் முழுசாகக் கேட்டாள்.

ஆனால் கூழ் ஊற்றிய அன்று நான் வேப்பமரத்தில் கட்டிய ஹாரன்களை ஆடி முடியட்டும் என்று விட்டிருந்தேன், அப்புறம் அவிழ்க்க ஆளில்லை. கடையிலிருந்து கோயில் வரை போன ஒயரும் அப்படியே மாட்டியிருந்தது. கதவு சாத்தி, உள்ளே சோதிக்கிற சின்ன ஸ்பீக்கர் காதுக்குப் பக்கத்தில் பாடிக்கொண்டிருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை. ஊர் முழுக்கக் கேட்டது. காலையிலிருந்து பாதிப் பாதியாக நின்றுபோன பாட்டுகள், அப்புறம் ஒரு பெண்ணின் அடித்தொண்டைக் குரல் நிற்காமல் ஒரு மணி நேரம். எங்கள் ஊரில் சாமிப் பாட்டை நிறுத்தி அப்படி ஒரு பாட்டுப் போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

கதவைத் திறந்தபோது வாசலில் ஊரே நின்றது. ஆளுக்கொரு மாலை. மேளக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்திப் பறையைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார்கள். முன்னால் ஏகாம்பரம் மச்சான். கம்பெனிக்கு ஆள் போனதும் ஓவர்டைமை விட்டுவிட்டு ஓடிவந்தவர், கையில் கோடிப் புடவை வைத்திருந்தார். தாலி அறுக்கும் தங்கச்சிக்குப் பிறந்த வீட்டிலிருந்து போடுகிற புடவை.

சாந்தா செய்தது என்ன தெரியுமா? வார்டுப் பழக்கத்தில் வாயில் விரலை வைத்து, “உஷ்” என்றாள். அத்தனை பேரும் கப்சிப்பென்று நிறுத்திவிட்டார்கள்.

“ஏன் சத்தம் போடுறீங்க? அவரு உசுரோட கீறாரு. நீங்க போடற சத்தத்துலதான் சாவணும்” என்றாள்.

“அப்பறம் ஏம்மா வளையல் இல்ல? ஹாரன்ல ஒப்பாரி வேற ஓடிச்சே?” என்று மச்சான் திக்கினார்.

“வளையல் சத்தம் அவருக்கு ஆவாது, கழட்டினேன். அது ஒப்பாரி இல்ல. காது குடுத்துக் கேட்டியா நீ? தங்கச்சிக்குக் கோடி எடுக்க மட்டும் கால் ஓடுது. வந்து பாத்துட்டு எடுக்கக் கூடாதா?”

மச்சான் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதாராம். சாவுக்கென்று கொண்டுவந்ததைத் திருப்பி வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பது ஊர் வழக்கம். மாலைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றவர்களிடம் அவள் ஒவ்வொன்றாக வாங்கிக் கடை வாசல் ஆணிகளில் மாட்டினாள். கோடிப் புடவையையும் வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

இதையெல்லாம் அவள் என் காதுக்குள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலிப்பு வரும். வந்தது. வலிப்பு தளர்ந்ததும் மறுபடி சிரித்தேன். செத்தாலும் இந்தச் சிரிப்பு என்னுடையதாக இருக்கட்டும், அந்த விஷத்தினுடையதாக இருக்க வேண்டாம் என்று தோன்றியது. கோடிப் புடவையைச் சாந்தா கட்டிலைச் சுற்றித் திரையாகக் கட்டினாள். நல்ல கனமான துணி, வெளிச்சத்தை நன்றாக மறைத்தது.

அப்புறம் தலையணைக்குப் பக்கத்தில் டேப்ரிக்கார்டரை வைத்தாள். சத்தம் கூட்டும் திருகாணியில் ஒன்று முதல் பத்து வரை எண் போட்டிருக்கும். ஒன்றில் வைத்தாள்.

பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆயிரம் கேசட் ஓட்டியவன் நான். இது மாதிரி கேட்டதில்லை. மேளம் இல்லை, கூட்டுக்குரல் இல்லை. ஒரு பழைய ஆர்மோனியப் பெட்டி, அதன் துருத்தியில் எங்கேயோ ஓட்டை. காற்று ஒழுகுவது கேட்கிறது. அந்தப் பெண்ணின் குரலில் மண் இருந்தது. தாளத்துக்குக் கொஞ்சம் பின்னாலேயே வந்தாள், அவசரமே இல்லாதவள் மாதிரி. ரெண்டாவது பாட்டு முடிந்ததும் ஒரு இருமல், அதை வெட்டக்கூட இல்லை. தொழில்காரனாக முதலில் நான் நினைத்தது, இது விற்காது. கிணற்றில் விழுந்த குடத்தைப் பற்றி ஒன்று. கம்பெனிச் சங்கு ஊதினால் கனவிலும் எழுந்து உட்காரும் பெண்ணைப் பற்றி ஒன்று. எல்லாம் இருட்டான பாட்டுதான். ஆனால் எனக்கு அந்த இருட்டு பழக்கமாயிருந்தது. கறுப்புக் கண்ணாடிக்குள் கிடப்பவனிடம் யாராவது பூங்காற்று, நிலா என்று பாடினால் எழுந்து அறைந்திருப்பேன். இவள் நான் இருக்கிற இடத்தைத் தெரிந்துகொண்டு பாடினாள்.

ரெண்டாவது பக்கத்தின் முதல் பாட்டில்தான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இழுக்கவில்லை, சிலிர்த்தது.

உட்காரு, நாற்காலி போட்டிருக்கேன் உட்காரு,
வாசல்ல நின்னா ஊரு தப்பாப் பேசும்.
ஒரு வாய் தின்னுட்டுத் தட்டைக் கழுவி வெச்சுட்டுப் போ,
கூட வரமாட்டேன், எனக்கு வேலை கெடக்கு.

யாரிடம் சொல்கிறாள் என்று ரெண்டாம் தரம் கேட்டபோது புரிந்தது. ஒப்பாரி செத்தவரைப் பார்த்துப் பாடுவது. இவள் உயிரைக் கூட்டிப்போக வந்தவனைப் பார்த்துப் பாடுகிறாள். சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து நிற்கும் வெட்கமில்லாத உறவுக்காரனிடம் பேசுவது மாதிரி. கெஞ்சவும் இல்லை, அழவும் இல்லை. ஊரே அழுகை என்று நினைத்த குரலில் ஒரு சொட்டு அழுகை இல்லை. முள் குதிக்காததற்குக் காரணம் அதுதான் என்று எனக்குப் பட்டது. நான் தலைமாட்டுத் தட்டைப் பார்த்தேன். வெள்ளைத் துணி போட்டு உட்கார்ந்திருந்தது. சரி, இருந்துகொள் என்று சொன்னேன்.

என்னைக் காப்பாற்றியது ஊசியும் மருந்தும்தான். அதைப் பாட்டுக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து நான் படுத்துக் காத்திருக்கவில்லை, வேலை செய்தேன். ஒன்றில் வைத்த திருகாணியை ரெண்டு நாள் கழித்து ரெண்டுக்கு நகர்த்தச் சொன்னேன். உடம்பு இழுத்தது. மறுபடி ஒன்று. அடுத்த நாள் ரெண்டு. டாக்டரம்மாவின் அட்டையில் ஜுரமும் நாடியும் இருந்தன. என் கணக்கு திருகாணியில் இருந்தது. மூன்றுக்கு வந்தபோது வாயில் ஒரு விரல் நுழைந்தது. நாலுக்கு வந்தபோது மூக்குக் குழாயை எடுத்தார்கள். ஒரு நாள் டாக்டரம்மா ரவுண்ட்ஸ் முடித்துத் திரும்பி வந்து கோடிப் புடவையை விலக்கிக்கொண்டு நின்றாள். அந்தப் பாட்டு முடியும்வரை கேட்டாள்.

“யாரு இந்த அம்மா?”

“தெரியாதும்மா. மரகதமாம்.”

“தட்டைக் கழுவச் சொல்லுதாளே!” என்று வாயைப் பொத்திச் சிரித்தாள். மறுநாள் காலையில் வந்தவள் முதல் வேலையாக என் தலைமாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஐந்து வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த நோய் வந்து போனதால் இனி வராது என்று நினைக்காதீர்கள், தடுப்பூசி முழுசும் போட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினாள். சத்தத்துக்கு இனி பயப்பட வேண்டாம், சதை பலம் மட்டும் மெதுவாக வரும் என்றும் சொன்னாள். நான் நம்பினேன். ஊர் நம்பவில்லை.

நான் கோல் ஊன்றி நடந்தால் தெருவில் பேச்சு நின்றுவிடும். எதிர்வீட்டுக்காரர் மாட்டுக் கழுத்து மணியை அவிழ்த்துவிட்டார். பஸ் கண்டக்டர் விசில் ஊதாமல் பக்கவாட்டுத் தகரத்தை லேசாகத் தட்டினார். எல்லாம் பிரியம்தான், சொல்லப்போனால் கண்ணில் நீர் வந்தது. ஆனால் ஆவணிக் கல்யாணங்களுக்கு என்னை ஒருத்தரும் கூப்பிடவில்லை. பாவம், கோதண்டத்துக்குச் சத்தம் ஆகாது என்று ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வேறு செட்டை வரவழைத்தார்கள். நோய் கொல்லாததை இவர்கள் இரக்கம் கொன்றுவிடும் போலிருந்தது.

இன்னொன்றும் இருந்தது. சாந்தா வளையல் போடவில்லை. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. “ஆவட்டும், ஆவட்டும்” என்பாள். பாத்திரத்தைத் துணி விரித்துத்தான் வைப்பாள். ராத்திரி தூக்கத்தில் நான் புரண்டால் எழுந்து உட்காருவாள். ஊரை நம்ப வைப்பது எனக்குப் பெரிதில்லை. அவளை எப்படி நம்ப வைப்பது என்றுதான் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஹாரனைக் கடைக் கூரையின் முன்பக்கத்தில் கட்டினேன். ஏணியில் நான் ஏறவில்லை, அந்த அளவுக்கு வீம்பு இல்லை. மச்சானை ஏற வைத்தேன். ஹாரனுக்கு நேர் கீழே தெருவைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். காய்ந்துபோன மாலைகள் இன்னும் வாசல் ஆணிகளில் தொங்கிக்கொண்டிருந்தன.

“மே, ரெண்டாவது பக்கம் போடு. பத்துல வெய்.”

“வேணாய்யா. அஞ்சுல வெக்கிறேன்.”

“பத்து.”

கதவுக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர் முன்னால் அவள் வெகுநேரம் நின்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் மரகதம் என் தலைமேல் திறந்தாள். உட்காரு, நாற்காலி போட்டிருக்கேன் உட்காரு. நாற்காலியின் கைப்பிடி அதிர்ந்தது, பல் அதிர்ந்தது. வீட்டு வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். மாலை கொண்டுவந்த முகங்கள்தான். என் முதுகு எப்போது வளையும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளங்கை வியர்த்து ஒழுகியது. பாட்டு முழுசும் ஓடியது. முதுகு வளையவில்லை. வாயில் அடக்கியிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, “மரகதம்மா, இன்னொரு தரம்” என்றேன். கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். அதையும் உடம்பு தாங்கியது.

மச்சான் பக்கத்தில் வந்து நின்றார். காதோரம் குனிந்து, பழக்கதோஷத்தில் குசுகுசுவென்று, “மாப்ள, நான் இன்னா செய்யட்டும்?” என்றார்.

உள்ளேயிருந்து சாந்தாவின் குரல் வந்தது. ரெண்டு மாதத்தில் அவள் உரக்கப் பேசியது அன்றுதான்.

“கோடி எடுக்க ஓடினியே, இப்ப ஓடு. வளையல் வாங்கிக்கினு வா.”

அவர் சைக்கிளில் கூட்டு ரோட்டுக்குப் போய் ரெண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி வந்தார். சாந்தாவை வாசலுக்கு வரச்சொல்லி, அண்ணன் கையாலேயே, ஊர் பார்க்க, கைக்கு ஒரு டஜன் ஏற்றிவிட்டார். சாந்தா அவரிடம் பாட்டை நிறுத்தச் சொன்னாள். என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். வலது கையை என் காதுக்கு அருகே கொண்டுவந்து, ஆட்டாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஆட்டட்டா?”

“ஆட்டு.”

“பயமா கீதா?”

“கீது. நீ ஆட்டு.”

அவள் ஆட்டினாள்.